வெப் டிசைனர், டெவலப்பர்: வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெங்களூரு வாசகர்கள் எழுதியவை. நிறுவனப் பெயர்களை எடுத்துவிட்டு, நீளமான கேள்விகளைச் சுருக்கிக் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: ஒரு பிராடக்ட் கம்பெனியில் மூன்று வருடமாக யூஐ டிசைனராக இருக்கிறேன். காலையில் டிரிபிள், பிஹான்ஸ், பின்ட்ரெஸ்ட் என்ற டிசைன் காட்சித் தளங்கள் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் வரையும் கருவியான ஃபிக்மாவைத் திறப்பேன். ஆனாலும் நான் வரைவதெல்லாம் ஒரே சாயலில் இருக்கிறது. என் லீடும் அதையே சொல்கிறார். புதிதாக யோசிக்க என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, மாரத்தஹள்ளி

பதில்: உங்கள் கற்பனைக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்க்கும் இடம் குறுகிவிட்டது. அந்தத் தளங்களில் நீங்கள் பார்ப்பது, யாரோ எடுத்த முடிவுகளின் கடைசிப் படத்தை மட்டும். நிஜத்தில் பெயர் எவ்வளவு நீளம் வரும், சர்வர் பதில் தராவிட்டால் திரையில் என்ன நிற்கும், பார்ப்பவர் கையில் எந்தப் போன் இருக்கிறது என்ற நெருக்கடிகள் அந்தப் படத்தில் இருக்காது. அதனால் நீங்கள் எடுத்துக்கொள்வதும் மேல்தோலை மட்டும்தான்: வளைந்த மூலை, மெல்லிய நிழல், ஊதா கிரேடியன்ட். நீங்கள் விரும்பியதைப் போன்றதையே அந்தத் தளங்கள் திரும்பத் திரும்பக் காட்டுவதால் வட்டம் இன்னும் சுருங்குகிறது.

அவற்றை விட்டுவிட வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். வேலை வந்ததும் முதல் இருபது நிமிடம் காகிதம், பேனா மட்டும். ஆறு கட்டம் போட்டு ஆறு வழியில் கிறுக்குங்கள். முதல் இரண்டு கட்டத்தில் வழக்கமானதுதான் வரும். நான்காவது, ஐந்தாவது கட்டத்தில்தான் கை திணறும். அங்கேதான் சரக்கு இருக்கிறது. பிறகு தளங்களுக்குப் போங்கள், அதுவும் ஒரு குறிப்பான கேள்வியோடு. "பதினான்கு ஃபில்டர் இருக்கும்போது போனில் எப்படிக் காட்டுகிறார்கள்?" என்பது கேள்வி. "ஏதாவது நல்லதாக இருக்கிறதா?" என்பது கேள்வி அல்ல.

அடுத்து, திரைக்கு வெளியே சேகரிக்கப் பழகுங்கள். வீட்டில் ஏதாவது ஒரு கல்யாணப் பத்திரிகை கிடக்கும், எடுத்து மேஜையில் வையுங்கள். உச்சியில் பிள்ளையார் சுழி, அதன் கீழே குலதெய்வம் துணை. பிறகு "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கி வருடம், மாதம், கிழமை, திதி, நட்சத்திரம், லக்னம் எல்லாவற்றையும் கோர்த்துக்கொண்டு போகும் ஒரே வாக்கியம். நடுவில் மணமக்கள் பெயர் பெரிதாக, அதன் அடியில் படிப்பு பொடி எழுத்தில். கடைசியில் நல்வரவை விரும்பும் சுற்றத்தார் பட்டியல். ஒரு ஸ்கேலை வைத்து எழுத்துகளின் உயரத்தை அளந்து பாருங்கள். எத்தனை விதமான அளவு பயன்படுத்தியிருக்கிறார்கள், கண் முதலில் எங்கே போகிறது, இரண்டாவதாக எங்கே போகிறது என்று குறியுங்கள்.

அந்த ஒரு தாளில் இரண்டு தேவைகள் மோதுகின்றன. குடும்பத்துக்கு மரியாதை வரிசை முக்கியம்: தெய்வம் முதலில், பெரியவர்கள் அடுத்து. விருந்தினருக்கு யார், எப்போது, எங்கே என்ற மூன்றும் போதும். பத்திரிகை அடிப்பவர்கள் மரியாதையை இடத்தாலும், அவசரத்தை எழுத்தின் அளவாலும் சமாளிக்கிறார்கள். இதே மோதல் உங்கள் ஆபீஸிலும் உண்டு. விதிமுறைகள் மேலே வர வேண்டும் என்று லீகல் டீம் நிற்கும், பிரீமியம் தொகைதான் முதலில் தெரிய வேண்டும் என்று பிராடக்ட் மேனேஜர் நிற்பார். இடத்தை ஒருவருக்கும் கனத்தை இன்னொருவருக்கும் கொடுத்தால் இருவர் வேலையும் நடக்கும். பத்திரிகையின் பலவீனமும் கண்ணில் படும். முகூர்த்த நேரம் நீண்ட வாக்கியத்துக்குள் ஒளிந்திருப்பதால்தான், வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறவர்கள் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுகிறார்கள்.

இப்போது அதே பத்திரிகையை 360 பிக்ஸல் அகலத் திரைக்கு, கறுப்பு நிறம் மட்டும் வைத்து, மூன்றே எழுத்தளவில் திரும்ப வரையுங்கள். ஒரு சனிக்கிழமை முற்பகல் போதும். அடுத்த வாரம் பெஸ்காம் மின்கட்டண ரசீது, அதற்கடுத்து மாத்திரை அட்டை, பிறகு பஸ் டிக்கெட். ஒவ்வொன்றுக்கும் மூன்று குறிப்பு எழுதினால் போதும்: யாருக்காக, எதற்குக் கனம், எங்கே தோற்கிறது. இரண்டு மாதத்தில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு சேகரிப்பு உங்களிடம் இருக்கும்.

வெளியே போக நேரம் கிடைத்தால் கஸ்தூர்பா சாலையில் 2023-ல் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம், பேலஸ் ரோட்டில் மாணிக்யவேலு மாளிகையில் இருக்கும் தேசிய நவீன கலைக்கூடம், ஜனவரியில் குமாரகிருபா சாலை முழுக்க நடக்கும் சித்திரச் சந்தை, இந்த மூன்றும் டிசைனருக்கு வீண்போகாது. பழைய தமிழ் வார இதழ்களின் பைண்டு வால்யூம் கையில் கிடைத்தால் விடாதீர்கள். கோபுலு, மணியம், சில்பி போன்ற ஓவியர்கள் காலத்துக் கதைப் பக்கங்களில் படம், கையால் எழுதிய தலைப்பு, கதை எழுத்து மூன்றும் ஒரே பக்கத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் விதம் இன்றைய ஹீரோ செக்ஷனுக்கு, அதாவது வெப் பக்கத்தின் உச்சியில் பெரிதாக நிற்கும் பகுதிக்கு, நேரடிப் பாடம்.

கேள்வி: இரண்டு வருட அனுபவம். போர்ட்ஃபோலியோவில் பன்னிரண்டு புராஜெக்ட் வைத்திருக்கிறேன். நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் நிறைய இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒரு அழைப்பும் இல்லை. நல்ல புராஜெக்ட் ஒன்று என்டிஏ என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.
- வாசகர், அல்சூர்

பதில்: முதலில் ரெஸ்யூமேவைச் சோதியுங்கள். பிடிஎஃப்-ஐத் திறந்து எல்லாவற்றையும் செலக்ட் செய்து, காப்பி எடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். டிசைன் சாஃப்ட்வேரில் செய்த ரெஸ்யூமேவில் எழுத்து சில சமயம் வெறும் வளைகோடாக மாறிப் போயிருக்கும்; ஒட்டினால் ஒன்றுமே வராது. இரண்டு பத்தியாக அடுக்கியிருந்தால், இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்து வரும். கம்பெனிகள் ரெஸ்யூமே வடிகட்டப் பயன்படுத்தும் மென்பொருளும் இதைத்தான் படிக்கிறது. ஒரே பத்தி, சாதாரணத் தலைப்புகள், போர்ட்ஃபோலியோ லிங்க் மேலேயே. அழகைக் காட்டும் இடம் ரெஸ்யூமே அல்ல.

பன்னிரண்டு புராஜெக்ட் அதிகம். மூன்று வையுங்கள், மிஞ்சினால் நான்கு. பார்ப்பவர் எல்லாவற்றையும் படிக்க மாட்டார். சுமாரான ஒன்பதில் ஒன்றைத் திறந்துவிட்டால் உங்களை அதை வைத்தே எடை போடுவார்.

ஒவ்வொரு புராஜெக்டிலும் உங்கள் பங்கு எது, டீமின் பங்கு எது என்று முதல் பத்தியிலேயே பிரித்துச் சொல்லுங்கள். பிறகு சிக்கல், நீங்கள் யோசித்த வழிகள், தள்ளிய வழி, தள்ளிய காரணம். "பயனர் அனுபவத்தை மேம்படுத்தினேன்" என்ற வரியால் யாருக்கும் எதுவும் தெரியாது. "தேதி தேர்வுத் திரையில் முழு மாதக் காலண்டரை நீக்கி, அடுத்த ஏழு நாட்களைப் பட்டியலாக வைத்தோம், டாக்டர்கள் ஒரு வாரத்துக்கு மேல் ஸ்லாட் திறப்பதில்லை என்பதால் காலண்டரில் முக்கால்வாசி தேதிகள் அழுத்த முடியாமல் கிடந்தன" என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் உங்களைக் கேட்கப்போவது "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்பதைத்தான். அதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்கட்டும்.

காட்ட எண்கள் இல்லையென்றால் நீங்களே சின்னச் சோதனை வையுங்கள். ஐந்து பேரைப் பிடித்து, செய்ய வேண்டிய வேலையை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, வாயைத் திறக்காமல் உட்காருங்கள். எங்கே நின்றார்கள், எங்கே திரும்பிப் போனார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எழுதும்போது "ஐந்தில் நான்கு பேர்" என்றே எழுதுங்கள். 80% என்று போட்டால் அனுபவமுள்ளவர் கண்ணில் உடனே உறுத்தும்.

என்டிஏ விஷயத்தில் பாஸ்வேர்டு போட்டுக் காட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வெளியாட்களுக்குக் காட்டக் கூடாது என்றிருந்தால் பாஸ்வேர்டு போட்டாலும் மீறல்தான். சம்பளத்துக்கு இருந்து செய்த வேலையின் காப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி கம்பெனிக்கே சேரும். மேனேஜருக்கு மெயில் எழுதி, எந்தெந்தத் திரைகள் என்று குறிப்பிட்டு அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் அதே வகைச் சிக்கலை வேறு துறைக்கு மாற்றி, வேறு தரவு வைத்துப் புதிதாக வரையுங்கள். இது பயிற்சிக்காகச் செய்தது என்றும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ராஜாஜிநகரில் ஒரு ஏஜென்சியில் ஏழு வருடம் வேர்ட்பிரஸ், ஜேக்வெரி. எல்லா வேலை விளம்பரத்திலும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியைக் கேட்கிறார்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
- வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: வேண்டாம். 2018 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 5.0 முதல் அதன் பிளாக் எடிட்டரே ரியாக்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் கிளையன்ட் ஒருவருக்குத் தேவைப்படும் ஒரு கஸ்டம் பிளாக்கை, விலைப்பட்டியலோ கிளை முகவரிப் பட்டியலோ, நீங்களே எழுதுங்கள். காம்பொனென்ட், பிராப்ஸ், ஸ்டேட் மூன்றும் தெரிந்த மண்ணிலேயே பிடிபடும். ஏழு வருட அனுபவமும் ரெஸ்யூமேவில் உயிரோடு இருக்கும்.

அதற்கு முன் ஒரு மாதம் வெறும் ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒதுக்குங்கள். ஜேக்வெரி மறைத்து வைத்திருந்த விஷயங்கள்தான் இன்டர்வியூவில் கேட்கப்படும்: குளோஷர், பிராமிஸ், ஈவென்ட் லூப், ஈவென்ட் டெலிகேஷன். பெங்களூருவில் பல கம்பெனிகளில் மெஷின் கோடிங் ரவுண்டு உண்டு. ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டோகம்ப்ளீட், ஸ்டார் ரேட்டிங், அடுக்கடுக்கான கமென்ட் மாதிரி ஒன்றைக் கட்டச் சொல்வார்கள். ஆட்டோகம்ப்ளீட்டையே முதலில் லைப்ரரி இல்லாமலும், பிறகு ரியாக்டிலும் எழுதிப் பழகுங்கள். அதில் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. பயனர் "கோ" என்று அடிக்கிறார், ஒரு ரிக்வெஸ்ட் போகிறது. "கோவை" என்று முடிக்கிறார், இன்னொன்று போகிறது. முதல் ரிக்வெஸ்டின் பதில் தாமதமாக வந்தால், கோவை என்று அடித்தவர் திரையில் கோலார் நிற்கும். டிபவுன்ஸ், அதாவது தட்டுவது நின்ற பிறகே ரிக்வெஸ்ட் அனுப்பும் காத்திருப்பு, 300 மில்லிசெகண்ட் வைத்தால் இது குறையும், தீராது. பழைய ரிக்வெஸ்டை, பிரவுசரிலேயே இருக்கும் அபார்ட் கன்ட்ரோலர் (AbortController) கொண்டு ரத்து செய்ய வேண்டும். ரியாக்டின் யூஸ்எஃபெக்ட் (useEffect) முடியும்போது ஓடும் கிளீனப்பில் அதை வைப்பவரைப் பார்த்தால் இன்டர்வியூ எடுப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

மற்ற ஸ்டேட்டிலிருந்து கணக்கிட்டு எடுக்கக்கூடிய மதிப்பை யூஸ்எஃபெக்ட்டுக்குள் வைத்து இன்னொரு ஸ்டேட்டாக மாற்றுவது அடுத்த தவறு. தேவையில்லாமல் இரண்டாம் முறை ரெண்டர் ஆகும், இரண்டும் ஒத்துப்போகாத கணமும் வரும். ரெண்டரிலேயே கணக்கிட்டுவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்டோடு மதிப்புகளின் வகையையும் சேர்த்து எழுதும் டைப்ஸ்கிரிப்டையும் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: எங்கள் பகுதித் தமிழ் மன்றத்துக்கு இலவசமாக வெப்சைட் செய்கிறேன், தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் உண்டு. ஆங்கிலத்தில் அழகாக இருப்பது தமிழுக்கு மாறியதும் உடைகிறது. தலைப்பு வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, பட்டனில் எழுத்து வழிகிறது, பழைய ஆண்டு மலர்க் கட்டுரைகளை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது.
- வாசகி, ஃபிரேசர் டவுன்

பதில்: நல்ல வேலையை எடுத்திருக்கிறீர்கள். இதை ஒழுங்காக முடித்தால் போர்ட்ஃபோலியோவில் முதலில் வைக்கத் தகுந்தது இதுவே. இந்திய மொழிகளில் சேவை தரும் நிறுவனங்களுக்கு இந்த நுணுக்கம் தெரிந்தவர் எளிதில் கிடைப்பதில்லை.

வரி ஏறுவதற்குக் காரணம் லைன்-ஹைட், அதாவது எழுத்தளவுக்கு எத்தனை மடங்கு வரி உயரம் என்பது. ஆங்கிலத் தலைப்புக்கு 1.1 அல்லது 1.2 வைத்திருப்பீர்கள். தமிழில் மேலே புள்ளியும் கொக்கியும், கீழே "கு", "ரு", "மூ" வளைவுகளும் இருப்பதால் தலைப்புக்கு 1.4, உடல் எழுத்துக்கு 1.7 பக்கம் வேண்டும். கன்னடத்தில் ஒத்தக்ஷரம் என்ற கூட்டெழுத்துப் பகுதி எழுத்துக்கு அடியில் தொங்குவதால் அதற்கும் இதே அளவு தாராளம் தேவை. ஆங்கிலத் தலைப்பை இறுக்க மைனஸ் லெட்டர்-ஸ்பேஸிங் கொடுத்திருந்தால் தமிழுக்கு அதைப் பூஜ்யமாக்குங்கள். இவை எல்லாவற்றையும் மொழிவாரியாக எழுத, பக்கத்தில் மொழியைக் குறிக்கும் லாங் (lang) அட்ரிபியூட்டைச் சரியாகப் போட்டிருக்க வேண்டும். கலந்து வரும் பத்திகளில் அந்தந்தத் துண்டுக்கும் போடுங்கள். பார்வையற்றவர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடரும் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறும்.

பட்டனுக்கு நிலையான அகலம் கொடுக்கவே கூடாது. "சமர்ப்பிக்கவும்" என்பதை "அனுப்பு" என்று மாற்றினால் பாதிச் சிக்கல் போய்விடும், அதுவே நல்ல தமிழும்கூட. மீதிக்கு பேடிங் மட்டும் வைத்து, இரண்டாம் வரிக்கு மடிய விடுங்கள். ஃபான்ட் என்று பார்த்தால், மும்பை ஏக் டைப் நிறுவனத்தின் அனேக் குடும்பம் உங்களுக்குப் பொருந்தும். தமிழ், கன்னடம், லத்தீன் உட்பட பத்து எழுத்துமுறைகளுக்கு ஒரே சாயலில் வரைந்திருக்கிறார்கள். வேரியபிள் ஃபான்ட் என்பதால் தடிமனோடு அகலத்தையும் மாற்றலாம். நீளமான தமிழ்ச் சொல் நெருக்கும் மெனுவில் அகலத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். போல்டு இல்லாத ஃபான்ட்டில் போல்டு கேட்டால் பிரவுசர் தானாக எழுத்தைப் பூசித் தடிமனாக்கும், புள்ளிகள் அடைந்துபோகும். இட்டாலிக்கும் வேண்டாம், அழுத்தம் தர தடிமனோ நிறமோ போதும்.

கோப்பளவைக் குறைக்க ஃபான்ட்டை வெட்டும்போது கவனம். எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றை எப்படிச் சேர்ப்பது என்று சொல்லும் ஓபன்டைப் லேஅவுட் அட்டவணைகளை எறிந்துவிட்டால் "கு", "டு", "மு" எல்லாம் மெய்யும் உகரக் குறியும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். ஃபான்ட் வெட்டும் கருவியான பைஎஃப்டி-சப்செட் (pyftsubset) பயன்படுத்தினால் எல்லா லேஅவுட் அம்சங்களையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆண்டு மலர்க் குப்பைக்கு வருவோம். அது பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்டில் தட்டச்சு செய்தது. அந்த ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருந்தன. யூனிகோடு மாற்றி எதிலாவது போட்டு எடுத்தால் தமிழ் வந்துவிடும். வந்த பிறகுதான் கண் வேலை. "கௌ" வர வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு எகரக் குறியும் பக்கத்தில் "ள" எழுத்தும் உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் கௌரி என்று தேடினால் கிடைக்காது. துணைக்கால் இடத்தில் "ர" அடித்திருப்பதும் சகஜம். ஒகரக் குறி எகரமும் துணைக்காலுமாகப் பிரிந்து வந்தால் ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ், என்எஃப்சி (NFC) வடிவத்தில், அவற்றை ஒரே குறியாகச் சேர்த்துவிடும். "ள", "ர" குழப்பத்தை அது தொடாது; சொற்பட்டியல் வைத்துத் தேடிக் கையால் திருத்த வேண்டும்.

உறுப்பினர் படிவத்தில் பெயருக்கு எழுத்து வரம்பு வைத்திருந்தால் அதையும் பாருங்கள். "தமிழ்" நமக்கு மூன்றெழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் 5 என்று சொல்லும். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. ஸ்லைஸ் போட்டு நான்கில் வெட்டினால் புள்ளி உதிர்ந்து "தமிழ" ஆகிவிடும். வெட்ட வேண்டியிருந்தால் ஜாவாஸ்கிரிப்டின் Intl.Segmenter கொண்டு, கண்ணுக்குத் தெரியும் எழுத்துவாரியாகப் பிரிக்கும் கிராஃபீம் முறையில் வெட்டுங்கள்.

கேள்வி: வெப் பக்கத்தின் வேகத்தைச் சோதிக்கும் கூகுளின் லைட்ஹவுஸ் கருவியில் எங்கள் ஸ்கோர் 96. ஆனால் வாடிக்கையாளர்கள் சைட் மெதுவாக இருக்கிறது என்கிறார்கள். மேனேஜர் என்னை நம்பவில்லை.
- வாசகர், ஹெச்எஸ்ஆர் லேஅவுட்

பதில்: இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். லைட்ஹவுஸ் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு தடவை நடத்தும் ஒத்திகை. கூகுள் கணக்கில் எடுப்பது குரோமில் நிஜப் பயனர்களிடமிருந்து வரும் அளவுகளை. அதில் 75-வது பெர்சென்டைலில், அதாவது நூறு வருகையில் 75-க்காவது, எல்சிபி (பெரிய படமோ எழுத்தோ திரையில் வரும் நேரம்) 2.5 விநாடிக்குள், ஐஎன்பி 200 மில்லிசெகண்டுக்குள், சிஎல்எஸ் (பக்கம் எதிர்பாராமல் குதிக்கும் அளவு) 0.1-க்குள் இருக்க வேண்டும். ஐஎன்பி 2024 மார்ச்சில் எஃப்ஐடி என்ற பழைய அளவுக்குப் பதிலாக வந்தது. பயனர் தொட்டதும் திரை எவ்வளவு நேரத்தில் அசைகிறது என்பதன் அளவு அது. யாரும் தொடாமல் நடக்கும் லைட்ஹவுஸ் பக்கச் சோதனையில் அது தெரியாது. உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கும் என்று சந்தேகிக்கிறோம்.

மலிவான ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் சைட்டைத் திறந்து மெனுவை, ஃபில்டரை, கார்ட் பட்டனைத் தொட்டுப் பாருங்கள். போன் இல்லையென்றால் குரோமின் டெவ்டூல்ஸில் சிபியு வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்து, பெர்ஃபார்மன்ஸ் பேனலில் பதிவு செய்யுங்கள். பிரவுசர் எல்லா வேலையையும் வரிசையாகச் செய்யும் மெயின் த்ரெட்டை 50 மில்லிசெகண்டுக்கு மேல் பிடித்து வைக்கும் டாஸ்க்குகள் குறியிட்டுக் காட்டப்படும். பெரும்பாலும் சாட் விட்ஜெட், விளம்பர டேக், ஹீட்மேப் ஸ்கிரிப்ட் மூன்றில் ஒன்று மாட்டும். மார்க்கெட்டிங் டீமிடம் பட்டியலைக் கொடுத்து, யாரும் ரிப்போர்ட் பார்க்காததை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வரி கோட் எழுதாமல் கிடைக்கும் வேகம் அது.

இன்னொன்று, ஹீரோ படத்துக்கு லேசி லோடிங், அதாவது தேவைப்படும்போது மட்டும் படத்தை இறக்கும் அமைப்பு, போட்டிருக்கிறீர்களா பாருங்கள். எல்லாப் படத்துக்கும் ஒரேயடியாகப் போட்டுவிட்டு, திரையில் முதலில் தெரிய வேண்டிய படத்தையும் தாமதப்படுத்திவிடுவது மிகவும் சகஜம். அதற்கு மட்டும் லேசியை எடுத்து, ஃபெட்ச் பிரியாரிட்டியை ஹை ஆக்குங்கள். படங்களுக்கெல்லாம் அகலம், உயரம் குறிப்பிடுங்கள். திருத்தியதும் மறுநாளே மேனேஜரிடம் கூகுளின் சர்ச் கன்சோலைக் காட்டாதீர்கள். அந்த எண்கள் கடந்த 28 நாள் திரட்டு என்பதால் மெல்லத்தான் நகரும். அதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் நம்பிக்கையும் திரும்பும்.

கேள்வி: ஃப்ரீலான்ஸ் டிசைனர். சைட் லைவ் ஆகி மூன்று மாதம் ஆகியும் பாதிப் பணம் வரவில்லை. "இன்னும் ரெண்டு சேஞ்ச்" என்றே இழுக்கிறார்கள். இனி எப்படிப் பாதுகாத்துக்கொள்வது?
- வாசகி, ஜீவன் பீமா நகர்

பதில்: "இன்னும் ரெண்டு சேஞ்ச்" என்பதற்கு முடிவு எது என்று காகிதத்தில் இல்லாததுதான் வேர். அடுத்த வேலைக்குப் பக்க எண்ணிக்கை, திருத்தச் சுற்று இரண்டு, கன்டென்ட் யார் தருவது, எந்தத் தேதிக்குள், அதற்கு மேல் போனால் மணிக்கு எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதி மெயிலில் சம்மதம் வாங்குங்கள். பணத்தை 40, 30, 30 என்று பிரியுங்கள்: தொடங்கும்போது, டிசைன் ஒப்புதலானதும், லைவ் போகும் முன். கடைசித் தவணை "லைவ் ஆன பிறகு" என்று ஒருபோதும் இருக்கக் கூடாது. அதுவரை சைட் உங்கள் ஸ்டேஜிங் சர்வரில், அதாவது சோதனைக்கான சர்வரில், இருக்கட்டும். டொமைன் மட்டும் கிளையன்ட் பெயரிலேயே இருக்க வேண்டும். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்பது தவறு, சட்டச் சிக்கலும்கூட.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான (எம்எஸ்எம்இ) அரசின் உத்யம் பதிவு இலவசம். வேலை தொடங்கும் முன்பே பதிந்து, எண்ணை இன்வாய்ஸில் போடுங்கள். 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. புகாரை எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையப் போர்ட்டலில் பதியலாம். இந்த வரிகளை மரியாதையாக ஒரு நினைவூட்டல் மெயிலில் சேர்த்தாலே பல அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட் அசையும்.

காப்புரிமையும் உங்கள் கையில் உள்ள பிடி. ஃப்ரீலான்ஸராக எழுதிய கோடின் உரிமை, எழுத்தில் மாற்றித் தராத வரை, உங்களுடையது. "முழுத் தொகையும் கைக்கு வந்ததும் உரிமை மாறும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். காலமும் எல்லையும் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இந்தியாவுக்குள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். விவரமான கிளையன்ட் இதைக் கேட்பார், பதிலோடு இருங்கள்.

கேள்வி: ஒன்பது வருட டெவலப்பர். மேனேஜர் ஆகச் சொல்கிறார்கள். எனக்குக் கோட் எழுதத்தான் பிடிக்கும். மறுத்தால் வளர்ச்சி நின்றுவிடுமா?
- வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: உங்கள் கம்பெனியில் சீனியருக்கு மேல் ஸ்டாஃப், பிரின்சிபல் என்ற படிகள் காகிதத்தில் மட்டும் இருக்கின்றனவா, அதில் ஆட்களும் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஆட்கள் இருந்தால் தைரியமாக மறுக்கலாம். இல்லையென்றால் ஒன்றிரண்டு வருடத்தில் கம்பெனி மாற வேண்டியிருக்கும், அதற்கு இப்போதே தயாராகுங்கள். நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் அதையும் கணக்கில் வையுங்கள்.

அந்தப் பாதையில் உயர, பல டீம்கள் தொடும் ஒரு பொருளை உங்கள் பொறுப்பில் எடுங்கள். எல்லோரும் தனித்தனியே எழுதி எல்லோரும் தப்பு செய்யும் டேட் பிக்கர் நல்ல உதாரணம். வெள்ளிக்கிழமை மாலை கால் மணி நேரம், அந்த வாரம் எடுத்த முடிவு, தள்ளிய வழி, அதனால் யாருக்கு வேலை குறைந்தது என்று எழுதி வையுங்கள். அப்ரைசலுக்கு முந்தின இரவு ஒரு வருடத்தை நினைவிலிருந்து எடுக்க யாராலும் முடியாது.

கேள்வி: கடைசி வருட மாணவி. ஏஐ ஒரு நிமிடத்தில் முழுப் பக்கமும் எழுதித் தருகிறது. ஃப்ரன்ட்எண்ட் படிப்பது வீணா?
- வாசகி, கே.ஆர்.புரம்

பதில்: வீணில்லை. எழுதித் தருவது சரியா என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வேலை. ஏஐ தந்த பக்கத்தை ஒன்று எடுத்து இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் பக்கம் முழுக்கப் போங்கள். பட்டனுக்குப் பதில் வெறும் பெட்டியான டிவ் போட்டு கிளிக் வைத்திருந்தால் அங்கே போகவே முடியாது. போக முடிந்தாலும் எங்கே நிற்கிறோம் என்று காட்டும் ஃபோகஸ் வளையத்தை அழித்திருக்கலாம். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள கான்ட்ராஸ்ட் 4.5-க்கு 1 இருக்க வேண்டும். வெளிர் சாம்பல் எழுத்து பெரும்பாலும் தோற்கும். அகலத்தை 320 பிக்ஸலுக்குக் குறைத்தால் பக்கவாட்டில் ஸ்க்ரோல் வரக் கூடாது. தொடும் இடங்கள் குறைந்தது 24-க்கு 24 பிக்ஸல் வேண்டும் என்பது 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற வெப் அணுகல் வழிகாட்டியின் விதி.

மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் பயன்படுத்தும்படி செய்யும் இதுதான் அக்ஸஸிபிலிட்டி என்ற துறை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் இது பல சேவைகளுக்குச் சட்டக் கட்டாயம், அங்கே வியாபாரம் செய்யும் பெங்களூரு நிறுவனங்களையும் அது தொடுகிறது. உங்கள் காலேஜ் வெப்சைட்டை இந்த முறையில் சோதித்து, எந்தப் பக்கம், எந்தக் குறை, யாருக்குத் தடை, எந்த வரியை மாற்றினால் தீரும் என்று ஒரு அறிக்கை எழுதுங்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.